வயது போன காலத்தில் வயது போன நாய்: கொழும்பில் தத்தெடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகள் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்க, வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு தொடர்மாடியில் தனியாகவோ சோடியாகவோ இருப்பவர்கள் பலருக்கு ஒரு நாய் வளர்க்க ஆசை. கூடவே ஆயிரம் தயக்கம். தெருவிலிருந்து மீட்கப்பட்ட, அல்லது வளர்த்தவர்கள் கைவிட்ட, ஏழெட்டு வயது தாண்டிய நாயை எடுப்பது பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே இருக்கின்றன.

எனக்கு 70 தாண்டிவிட்டது. இந்த வயதில் நாய் எடுப்பது சரிதானா?

சரிதான், ஆனால் ஒரு நிபந்தனை. நாயைத் தேடுமுன் இரண்டாவது ஆளைத் தேடுங்கள். இன்று இரவு நெஞ்சுவலி என்று உங்களை அம்புலன்ஸில் ஏற்றினால், நாளை விடிய அந்த நாய்க்குச் சாப்பாடு வைப்பது யார்? இதற்கு ஒரு பெயர் சொல்ல முடிந்தால் உங்கள் வயது பெரிய விஷயமில்லை. சொல்ல முடியாவிட்டால் 55 வயதிலும் நாய் எடுக்க வேண்டாம் என்பேன்.

"அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் அம்மா" என்று மகள் மெல்பேர்னிலிருந்து சொல்வது கணக்கில் வராது. இரண்டாவது ஆள் அரை மணித்தியாலத்தில் உங்கள் கதவுக்கு வரக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் கையில் வீட்டுத் திறப்பு ஒன்று இருக்க வேண்டும். நாய்க்கும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். கீழ்வீட்டுப் பெண்ணோ, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மருமகனோ, யாராகவும் இருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து கேளுங்கள். "அவன் செய்வான்தானே" என்று மனதுக்குள் வைத்திருப்பது ஏற்பாடு ஆகாது. அவர் ஒப்புக்கொண்டால், மிருக வைத்தியரின் எண், நாயின் மருந்து, அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நாயின் செலவுக்கென்று கொஞ்சக் காசைத் தனியாக வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

நாயைத் தருபவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: "என்னால் முடியாமல் போனால் திரும்ப எடுப்பீர்களா?" நல்ல ஆட்கள் அதை எழுத்திலேயே தருவார்கள்.

குட்டியாக எடுத்தால்தானே நம்மோடு ஒட்டும்?

எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டில் நன்றாக வளரும் நாட்டு நாய் 12, 15 வருடம்கூட இருக்கும். 72 வயதில் குட்டி எடுத்தால், அது கிழடாகி அதிக கவனிப்புக் கேட்கும்போது உங்களுக்கு 85. குட்டிக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும். ஏழாம் மாடியிலிருந்து லிஃப்டில் எத்தனை தரம் இறங்குவீர்கள்? அது செருப்பைக் கடிக்கும், சேலைத் தலைப்பை இழுக்கும், காலுக்குள் ஓடும்.

வயதான நாய் இனி வளராது. அதன் பருமன், குணம், பயம், பூனையைத் துரத்துமா என்பதெல்லாம் எடுக்கும்போதே ஓரளவு தெரியும். பகலில் முக்கால்வாசி நேரம் தூங்கும். ஒட்டுமா என்று கேட்டால், ஒட்டும். சில நாய்கள் அளவுக்கு மிஞ்சியே ஒட்டும். நீங்கள் குளியலறைக்குப் போனாலும் வாசலில் வந்து படுக்கும்.

தெருவில் கிடந்த நாயின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

பல்லைப் பார்த்துத்தான். ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்துவிடும், ஆகவே குட்டிக்குச் சரியாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு தேய்மானத்தையும் காறையையும் வைத்து ஊகிப்பதுதான். எலும்பு கடித்தே வளர்ந்த நான்கு வயது நாய்க்குப் பத்து வயதுப் பல் இருக்கலாம். ஏழெட்டு வயதிலிருந்து கண்ணில் ஒரு நீலப்புகை மாதிரித் தெரியும். அது வெண்புரை அல்ல, வில்லை கெட்டியாவதால் வருவது. நாய்க்கு அதனால் பெரிதாகப் பார்வை குறையாது. முகம் நரைப்பதை நம்பாதீர்கள், சில நாய்கள் மூன்று வயதிலேயே நரைக்கும். "எட்டிலிருந்து பத்து இருக்கும்" என்று சொல்பவரை நம்பலாம். "சரியாக ஒன்பது" என்பவரிடம் பிறந்த திகதியைக் கேளுங்கள்!

எங்கே போய்ப் பார்ப்பது?

கொழும்பில் பலருக்கும் தெரிந்த பெயர் எம்பார்க். 2007இல் தொழிலதிபர் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய அமைப்பு அது. தெருநாய்களுக்கு வைத்தியம் பார்த்து, வீடு தேடிக் கொடுக்கிறார்கள். இது தவிர, சொந்த வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு நாய்களை வைத்துக்கொண்டு திணறும் தனி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் சொல்லி வைத்தால் அவரே தொடர்பு தருவார். 2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்தியது. தடுப்பூசியும் கருத்தடையும்தான் இப்போது வழி. அதனால் தெருவிலேயே முதுமை அடைந்த நாய்களும் கொழும்பில் உண்டு.

பார்க்கப் போனால் ஒரு தடவையோடு முடிவெடுக்காதீர்கள். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை போங்கள். சாப்பாட்டு நேரத்தில் அதன் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறதா என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள், நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம். வாரை உங்கள் கையில் வாங்கி நடந்து பாருங்கள். அவர்கள் பிடித்தால் சாதுவாக வருவது, நீங்கள் பிடித்தால் இழுக்கலாம். முடிந்தால் இரண்டு கிழமைக்கு வளர்ப்பு வீடாக, அதாவது தற்காலிகமாக, எடுத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு கிழட்டு நாய் கிடக்கிறது. அதையே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் முதலில் அது யாருடைய நாய் என்று விசாரியுங்கள். கட்டாக்காலி என்று நாம் நினைப்பதற்குப் பெரும்பாலும் நாலு வீட்டில் சாப்பாடு உண்டு. செக்யூரிட்டிக்காரர் விடிய பாண் போடுவார், சாப்பாட்டுக் கடைக்காரர் இரவில் கோழித்தோல் கொடுப்பார். அவர்களிடம் சொல்லாமல் ஒருநாள் தூக்கிக்கொண்டு போனால் ஒழுங்கையே உங்களோடு கோபிக்கும். சொன்னால் அவர்களில் ஒருவரே உங்கள் இரண்டாவது ஆளாகவும் அமையலாம்.

இன்னொன்று, பத்து வருடம் வெளியில் வாழ்ந்த நாய்க்கு நாலு சுவர் பிடிக்காமல் போகலாம். ஊசி போட்டு, உண்ணி எடுத்து, மழைக்கு மட்டும் உள்ளே விட்டு, மெல்ல மெல்லப் பழக்குங்கள். கடைசிவரை அது வாசலோடு நின்றுவிட்டால் அப்படியே விடுங்கள். வாசலில் ஒரு சாக்கும், வேளைக்குச் சாப்பாடும், வருடத்துக்கு ஒரு ஊசியும் கிடைப்பது அதற்குப் போதும்.

தொடர்மாடியில் நாய் வைக்க விடுவார்களா?

கட்டடத்துக்குக் கட்டடம் வேறு. முகாமைத்துவக் குழுவின் விதிகளை வாங்கி வாசியுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். "வாயால் சொன்னாரே" என்பது குத்தகை புதுப்பிக்கும்போது உதவாது.

அனுமதி கிடைத்தாலும் லிஃப்ட் இருக்கிறது. யாராவது உள்ளே நின்றால் அடுத்த தடவைக்குக் காத்திருங்கள். சிலருக்கு நாயென்றால் பயம். முஸ்லிம் அயலவர்கள் பலருக்கு நாயின் எச்சில் உடையில் பட்டால் கழுவித்தான் தொழ வேண்டும். அதை நீங்களே முந்திக்கொண்டு கவனித்தால் குழுக் கூட்டத்தில் உங்கள் நாயின் பெயர் அடிபடாது. பல்கனிக் கம்பிகளுக்கிடையில் தலை நுழையும் அளவு இடைவெளி இருந்தால் வலை அடித்துவிடுங்கள். பையும் கையுமாக இறங்குங்கள், நாயின் மலத்தை மரைன் டிரைவ் நடைபாதையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

டைல்ஸ் தரை வயதான நாய்க்குப் பெரிய எதிரி. பின்னங்கால் வழுக்கி விரியும், எழும்ப முடியாமல் கிடந்து தவிக்கும். அது நடக்கும் பாதையில் ரப்பர் அடியுள்ள கால்மிதிகளை வரிசையாகப் போடுங்கள். நகத்தை நீள விடாமல் வெட்டுங்கள், பாதத்துக்கடியில் வளரும் மயிரையும் கத்தரியுங்கள்.

நாய் இழுத்து நான் விழுந்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் நாயை வாரில் கட்டி நடத்தும்போது எலும்பு முறிந்து வந்த அவசரப் பிரிவுக் கணக்கை ஒரு மருத்துவ ஆய்வு எடுத்துப் பார்த்தது. மதிப்பீட்டின்படி 2004இல் ஏறக்குறைய 1,700 பேர், 2017இல் ஏறக்குறைய 4,400 பேர். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பெண்கள், அதிகம் முறிந்தது இடுப்பு. நாயே வேண்டாம் என்று நான் இதைச் சொல்லவில்லை. எந்த நாய் என்பதற்காகச் சொல்கிறேன்.

15 கிலோவுக்கு மேல் வேண்டாம். தூக்கி ஓட்டோவில் ஏற்ற முடியாத நாயை, அது நோய்வாய்ப்படும் நாளில் எப்படி வைத்தியரிடம் கொண்டுபோவீர்கள்? கழுத்துப்பட்டிக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். வாரை மணிக்கட்டில் ஒருபோதும் சுற்ற வேண்டாம். நாய் பாய்ந்தால் விட்டுவிடுங்கள். நாயைத் திரும்பப் பிடிக்கலாம், இடுப்பெலும்பு அப்படியல்ல.

உண்மையில் வீதியைவிட வீட்டுக்குள்தான் கவனம் வேண்டும். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கறுப்பு நாய் ஒன்றை எடுத்தார். அது இரவில் அவருடைய கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில், இருட்டில் இருட்டாக, கால் நீட்டிப் படுத்துவிடும். அவர் நகைக்கடையில் ஒரு சின்னச் சலங்கை மணி வாங்கிக் கழுத்துப்பட்டியில் தைத்தார். தரையோரம் எரியும் சிவப்பு இரவு விளக்கு ஒன்றும் பொருத்தினார். இப்போது அவர் எழும்பினால் அது தலையைத் தூக்கும், மணி கிணுங்கும், எங்கே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அதே மணி, தன் நாய் எங்கே போகிறது என்று கீழ்வீட்டாருக்கும் சொல்கிறது என்பது அவருடைய ஒரே முறைப்பாடு.

அஸ்பிரின், க்ளொப்பிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் சின்னக் கீறலையும் கவனிக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் அப்படித்தான். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், புற்றுநோய் மருந்தில் இருப்பவர்கள் நாய் எடுக்குமுன் தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

எடுக்குமுன் நாய்க்கு என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

இரத்தப் பரிசோதனை ஒன்று கட்டாயம். கொழும்பில் உண்ணிக் காய்ச்சல் மலிந்து கிடக்கிறது. எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகளை உண்ணி பரப்புகிறது. நாய் சும்மா சோர்ந்து கிடக்கும், சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பும், முரசு வெளிறும், சிலவேளை மூக்கால் இரத்தம் வரும். நேரத்தோடு பிடித்தால் மருந்து உண்டு. வீட்டிலேயே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: உதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெள்ளையான இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். முரசே வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

அதே இரத்தத்தில் சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் காட்டுங்கள், வாய் நாறுவது கிழட்டு நாயின் இயல்பு அல்ல, நோய். பெண் நாயென்றால் முலைகளை ஒவ்வொன்றாகத் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருத்தடை செய்யாததென்றால் கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் உண்டு. தெருநாய்களில் இணைசேரும்போது தொற்றும் ஒரு புற்றுக் கட்டி இருக்கிறது. பிறப்புறுப்பிலிருந்து இரத்தம் சொட்டும், பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் சில கிழமை ஊசியிலேயே குணமாகிவிடும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல நாயைத் தவறவிடாதீர்கள்.

மூட்டுவலிக்கு நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பனடோல், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. நாய்க்கென்றே வலி மருந்து உண்டு.

விசர்நாய்க்கடி?

வருடத்துக்கொரு தடுப்பூசி, அட்டையில் திகதியோடு. அரசு இலவசமாகப் போடும் முகாம்களும் நடக்கின்றன. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதியவும் வேண்டும். நாய் கடித்தால், உங்கள் நாயே என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். நோய்க்குறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. நாய்க்கு என்ன கொடுப்பது?

பூனைக்கு இறைச்சி இல்லாமல் முடியாது. நாய்க்கு ஓரளவு முடியும். சோறு, வேகவைத்த பருப்பு, பூசணி, கரட், தயிர், வீட்டில் விட்டால் முட்டை. உப்பு, தூள், தாளிதம் எதுவும் வேண்டாம். முக்கியமாக வெங்காயமும் உள்ளியும் ஆகாது, இரண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நம் கறியில் இரண்டும் இல்லாத கறி ஏது? ஆகவே "மிச்சக் கறிச்சோறு" என்ற பேச்சே இருக்கக் கூடாது. முந்திரிகைவற்றல் (உலர்ந்த திராட்சை), சாக்லேட்டும் ஆகாது. நத்தார் கேக் துண்டில் வற்றல் இருக்கும், விருந்தாளிகளிடம் சொல்லி வையுங்கள். வயதான நாய்க்குப் புரதம் குறையக் கூடாது. அதனால் பல சைவ வீடுகளில் பல்கனியில் ஒரு டின்னில் கடை உணவு வைத்துக் கொடுக்கிறார்கள், சமையலறை அப்படியே இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம்.

மச்சம் சமைப்பவர்களுக்குச் சிரமமே இல்லை. சாளை மீன், கீரி மீன் எது மலிவோ அதை முள் கரையும்வரை வேகவைத்துச் சோற்றோடு பிசையுங்கள். சமைத்த கோழி எலும்பு மட்டும் கொடுக்க வேண்டாம், சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

சாமி அறை இருக்கிற வீட்டில் நாயா என்று மாமியார் கேட்கிறார்.

பைரவரின் வாகனம் எது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வாக்குவாதம் வேண்டாமென்றால் சாமி அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் சின்னக் கேற் ஒன்றைப் போடுங்கள். வயதான நாய் அதைத் தாண்டாது. அநேகமாக மாமியாரின் கட்டிலடியில்தான் முதலில் படுக்கும்.

முதல் நாட்களில் ஒன்றும் சாப்பிடாமல் மூலையில் கிடக்கிறதே?

மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று நாய் மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய, பழக்கம் பிடிபட, இது என் வீடு என்று நம்ப. பொதுவாகச் சரிவரும். முதல் நாளே அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், தலையில் தடவப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசியுங்கள், அதுவாக வரும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீரோ, இரண்டு நாளுக்கு மேல் சாப்பாடோ தொடவில்லையென்றால், அல்லது வாந்தி இருந்தால், அது பயம் அல்ல, வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடற்கரைப் பக்கத் தொடர்மாடியென்றால் ரயில் சத்தம் அதற்குப் புதிது, சில நாள் திடுக்கிடும். நடைக்கு ஏழு மணிக்கு முன்னும், வெயில் தாழ்ந்த பின்னும் போங்கள். உங்கள் புறங்கையைத் தார்வீதியில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வேகும்.

வெடிச் சத்தத்துக்கு என்ன செய்வது?

தீபாவளி, டிசம்பர் 31, சித்திரைப் புத்தாண்டுச் சுபநேரம், அப்புறம் கிரிக்கெட்டில் வென்றால் சொல்லாமல் கொள்ளாமல். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் கலண்டரில் இருக்கிறது. அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக்கொண்டு வந்து, யன்னலைப் பூட்டி, ஃபேனையும் டிவியையும் போட்டு, கட்டிலடியிலோ அலுமாரி மூலையிலோ ஒளிய இடம் விடுங்கள். மிகவும் நடுங்குகிற நாயென்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் மருந்து கேட்கலாம்.

வருடத்தில் மூன்று மாதம் மகனிடம் போவேன். அப்போது?

அப்படியென்றால் நேராகச் சொல்கிறேன், எடுக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு இரண்டாவது ஆள் பார்ப்பார், மூன்று மாதத்துக்கு அது வீடு மாறுவதுதான். அதற்குப் பதில் வளர்ப்பு வீடாக இருங்கள். நீங்கள் ஊரில் இருக்கும் மாதங்களில், அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வெடுக்கும் நாய் ஒன்றை வைத்திருந்து திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு எப்போதும் ஆள் தேவை.

கூடவே கூட்டிப்போவதும் இலேசல்ல. பிரித்தானியாவுக்கு இலங்கையிலிருந்து போகும் நாய்க்கு மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு என்று இருக்கிறது. ஆஸ்திரேலியா இங்கிருந்து நேராக எடுக்காது. பத்து வயது நாயை விமானத்தின் சரக்கறையில் அவ்வளவு தூரம் அனுப்புவது நல்ல யோசனையாக எனக்குத் தெரியவில்லை.

செலவு அதிகமா?

சாப்பாடு அல்ல, வைத்தியம்தான் செலவு. இளம் நாயைவிட இதற்கு அதிகம் ஆகும். 2022இல் இறக்குமதிப் பொருளெல்லாம் தட்டுப்பட்டபோது நாய் உணவும் விலை எகிறியது. வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழக்கி வைத்தவர்கள் தப்பினார்கள். மாதா மாதம் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

இரவில் எழும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இனி எவ்வளவு காலம்?

சுவரைப் பார்த்து நிற்பது, பழகிய வீட்டில் வழி தெரியாமல் நிற்பது, பகலும் இரவும் மாறுவது எல்லாம் முதுமை மறதியின் குறிகள். நாய்க்கும் அது வரும். முற்றாக மாறாது, தணிக்க மருந்து உண்டு. தண்ணீர் அதிகம் குடித்து இரவில் உள்ளேயே சிறுநீர் கழித்தால் அது சிறுநீரகமாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

சாப்பிடுகிறதா, தானாக எழும்புகிறதா, வலியில்லாமல் தூங்குகிறதா என்று கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு சரி அல்லது பிழை போட்டு வாருங்கள். பிழைகள் மிஞ்சத் தொடங்கினால் வைத்தியரோடு கதைக்கும் நேரம் அது. வீட்டுக்கே வந்து ஊசி போட்டு நோவில்லாமல் அனுப்பிவைக்கும் மிருக வைத்தியர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அது பாவம் என்று நினைத்து நாயை வாரக்கணக்கில் முனகவிடுவதை நான் ஏற்பதில்லை. தொடர்மாடிக்காரர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: புதைக்க இடம். முற்றம் உள்ள உறவினர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வைத்தால், அந்த நாளில் உடலைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு ஆள் ஆளாக அழைப்பெடுக்க வேண்டியிராது.

அதற்குத் தமிழ் விளங்காதே. பெயரும் "சுது". மாற்றலாமா?

காப்பகத்தில் எல்லோரும் சிங்களத்தில் பேசியிருப்பார்கள். முதல் சில கிழமைக்கு நீங்களும் "மெஹே வரென்" (இங்கே வா), "எப்பா" (வேண்டாம்) என்றே சொல்லுங்கள், உடனே திரும்பும். பிறகு இரண்டையும் சேர்த்துச் சேர்த்துச் சொன்னால் தமிழும் பிடித்துக்கொள்ளும். காது மந்தமான நாயென்றால் கைச்சாடை போதும். பெயரை மாற்றாமல் விடுவது நல்லது. மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் ஓசை ஒட்டிய பெயராக வையுங்கள், சுதுவைச் சுதா ஆக்கலாம். அந்தப் பெயரில் மச்சாள் யாரும் இல்லையென்றால்.